மூன்றாம் குழியில் நீலப் புள்ளி

முட்டி வலியோடு குந்தி உட்கார்ந்து மூத்தவள் அகழாய்வுக் காட்சிக்கூடத்தின் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த பானை மூன்றாம் குழியில் அவள் கையில் கிடைத்தது. முப்பத்தோரு ஓடாக வந்ததைக் கழுவிக் காயவைத்து, ஒட்டுகிறவரிடம் வரிசை மாறாமல் எடுத்துக்கொடுத்ததும் அவள்தான்.

பானைக்குப் பின்னால் சுவரை அடைத்து ஒரு படம். வானத்திலிருந்து ட்ரோன் எடுத்தது. தோண்டிய குழிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. பானையிலிருந்து ஒரு சிவப்பு நூல் மூன்றாம் குழிக்கு ஓடியது. அந்தக் குழியின் மூலையில் ஒரு நீலப் புள்ளி.

அது அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி. வேலைக்கு வந்து ரெண்டு மாசம் ஆகவில்லை.

படம் எடுக்குமுன் குழியைக் கூட்டி, காலடித் தடத்தையும் அழித்துவிட்டு எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும். மூத்தவள் ஏறி, தள்ளிப் போய் மரத்தடியில் நின்றாள். இளையவள் குழிச்சுவர் நிழலில் தூங்கிப்போனாள். சொன்ன சொல் தட்டாதவள் படத்தில் இல்லை.

"இந்தா, இது நான்தான்," என்று இளையவள் காவல்காரரிடம் விரல் வைத்துக் காட்டினாள். "என் நீலப் புடவை."

"அடேயப்பா, வானத்துலேருந்தே தெரியுற ஆளு. அப்ப நாற்காலி உனக்குத்தான்."

கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் வேலை தோண்டினவர்களில் ஒருத்திக்கு என்று அதிகாரி சொல்லியிருந்தார். நாலு மாதமாக மூத்தவளின் முட்டி அந்த நாற்காலியை நம்பித்தான் மடங்கி நிமிர்ந்தது.

துடைத்த துணியைக் கீழே போட்டாள். நேரே அதிகாரியிடம் போனாள்.

"ஐயா, மூணாம் குழியில ஆள் இருக்கு. ஏறச் சொன்னீங்க, அவ ஏறல."

அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார். "அட, ஆமா. நான் கூடைன்னுல்ல நெனச்சேன். நல்லவேளை நீ சொன்னேம்மா."

"அந்த நாற்காலி வேலை, ஐயா..."

"அதுவா? மேலேருந்தே ஆள் அனுப்பிட்டாங்க."

மூன்றாம் நாள் புதுப் படம் வந்தது. குழியில் புள்ளி இல்லை, வெறும் மண். எதிரே நாற்காலியில், மடிப்புக் கலையாத சீருடையில், முன்பின் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

பழைய படத்தைப் பின்னறைத் தரையில் விரித்து, அதன்மேல் ஓடுகளைக் காயவைக்கச் சொன்னார்கள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விரித்தார்கள்.

"யாரு போட்டுக்குடுத்தாங்கன்னு தெரியலையே அக்கா," என்றாள் இளையவள்.

மூத்தவள் ஓட்டுக் கூடையை இழுத்துக்கொண்டாள். ஈர ஓடுகளை ஒவ்வொன்றாகப் பரப்பினாள். படம் மறைந்துகொண்டே வந்தது. நீலப் புள்ளி மட்டும் மிச்சமிருந்தபோது, கடைசி ஓட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள்.