பசுபதிநாதருக்கு ஒரு வெள்ளிக் கப்பல்

நேபாளத்துப் பக்தபூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மகாதேவியின் கைப்பைக்குள் போன் அதிரத் தொடங்கிவிட்டது. வல்வெட்டித்துறையிலிருந்து தங்கை உதயகலா. பெயரைக் கண்டதும் போனைத் திரும்பப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

தங்கையோடு கோபமொன்றுமில்லை. ஊரில் அண்ணை சண்முகநாதன் பாயும் படுக்கையுமாகக் கிடக்கிறார். இன்றைக்கோ நாளைக்கோ என்று டொக்டர் கைவிரித்துவிட்டார். வேறென்ன சேதி வரப்போகிறது? அந்தச் சேதி காதில் விழுந்தால் கூடப்பிறந்தவளுக்குத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. காதில் விழாதவரை துடக்கும் இல்லை. இது எங்களூரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

அவள் இங்கே தீர்க்க வந்த நேர்த்திக்கடனும் அண்ணையினுடையதுதான். இளவயதில் வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்தவர். நடுக்கடலில் புயலுக்குள் எஞ்சின் நின்றுபோக, கூட நின்ற நேபாளிச் சமையற்காரன் பசுபதிநாதரைக் கூப்பிட, இவரும் சேர்ந்து கூப்பிட்டிருக்கிறார். தப்பினால் வெள்ளியில் கப்பல் செய்து கொண்டுவந்து தருவேன் என்று வாயையும் விட்டுவிட்டார். தப்பியாயிற்று. பிறகு கலியாணம், சண்டை, இடப்பெயர்வு, பிள்ளைகள். கடவுளுக்குச் சொன்னது யாருக்கு நினைவிருக்கிறது! படுக்கையில் விழுந்த பிறகுதான் அது மனிசனைக் குடைய ஆரம்பித்தது.

"நேர்த்தியை வைச்சுக்கொண்டு போகப் பயமாக்கிடக்கு, பிள்ளை. நீ கொண்டுபோய்க் குடுத்திட்டு வா," என்று அவர்தான் யாத்திரைக் கோஷ்டியோடு அவளை அனுப்பிவைத்தார்.

நேபாளி வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கோஷ்டியைக் கூட்டிவந்த ஜெயசுதன் தமிழில் கொட்டிக்கொண்டு போனான். செங்கல் முற்றம், மரச் சாளரம், ஐந்து தட்டுக் கோயில், பூமியதிர்ச்சிக்கும் அசையவில்லையாம். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மகாதேவியும் பார்த்தாள். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. மண் சட்டியில் தயிர் வாங்கிக் கொடுத்தார்கள். வழித்துச் சாப்பிட்டாள், இனிப்பா புளிப்பா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"அக்கா, போன் அடிச்சுக்கொண்டே கிடக்குது," என்றாள் கோஷ்டியில் கூட வந்த கஜந்தினி.

"அடிக்கட்டும்."

மத்தியானத்துக்குப் பிறகு பசுபதிநாதர் கோயில். ஆற்றங்கரையில் பிணங்கள் எரிந்துகொண்டிருந்தன. செருப்பைக் கழற்றும்போது போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்தமுறை அதை அணைத்தே விட்டாள். வரிசையில் நிற்கும்போது அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. விறைத்துப்போன கால்களைப் போல மனமும் கிடந்தது. பட்டர் வெள்ளிக் கப்பலை வாங்கி உள்ளே வைத்தார், சந்தனம் தந்தார். அண்ணையின் பெயரையும் நட்சத்திரத்தையும் பிசகாமல் சொன்னாள். ஒரு பெரிய வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்து, படியில் இருந்து, போனைத் திறந்து தங்கைக்கு எடுத்தாள்.

"அக்கா, எங்கை போனனீங்கள்?" உதயகலாவின் குரல் உடைந்திருந்தது. "அண்ணை போயிட்டார். இப்ப கொஞ்சம் முந்தித்தான்."

"இப்பவோ? அப்ப நீ காலமையிலையிருந்து அடிச்சது?"

"அது அவர் கேட்டு அடிச்சது, அக்கா. விடியக் கண் முழிச்சு நல்லாக் கதைச்சவர். கோயிலை வீடியோவிலை ஒருக்காக் காட்டச்சொல்லு எண்டவர். தலையணை அணைச்சு இருத்தி, போனை முகத்துக்கு நேரை பிடிச்சுக்கொண்டு இருந்தனான். நீங்கள் எடுக்கேல்லை. திரும்ப அடி, திரும்ப அடி எண்டு, கடைசிமட்டும் அதைத்தான் கேட்டவர்."

மகாதேவி கையிலிருந்த சந்தனத்தைப் பார்த்தாள்.

"கப்பலைக் குடுத்திட்டன்," என்றாள்.

"அதை இனி ஆருக்கக்கா சொல்லுறது?"

ஜெயசுதன் கையைத் தட்டி, அடுத்த கோயிலுக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். "வாங்கோ அம்மா, நேரம் போகுது."

"நீங்கள் போங்கோ தம்பி. எனக்குத் துடக்கு."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கஜந்தினி சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள்.