அத்தானின் நடுக்கம்

வெளிநாடு போய்வந்தவர்களுக்கு வரும் நோய்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் பாடம் நடத்துவது என் வேலை. வகுப்பில் நோயாளியாக நடிப்பவர் என் அக்கா கணவர். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற அத்தானுக்குக் கிடைத்த ஒரே மேடை அது. மலேரியா வேஷம் என்றால் கட்டிலே ஆட்டம் காணும் அளவுக்கு நடுங்குவார். அடக்கி வாசிக்கச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அன்றைக்கு அவர் நடிப்பில் சுரத்தே இல்லை. காட்டுக்குச் சுற்றுலா போய்த் திரும்பிய ஆள் என்று நான் சொல்லிக்கொடுத்த கதையை முணுமுணுத்துவிட்டு, போர்வையை இழுத்து மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“அத்தான், கொஞ்சம் நல்லா நடுங்குங்க. பின் வரிசைக்குத் தெரியல.”

“என்னால முடிஞ்சது இவ்வளவுதாம்மா.”

பரிசோதிக்க வந்த நர்சுக்கு வகுப்பில் தந்தி என்று பெயர். வார்த்தைக்கு வார்த்தை காசு கட்டுபவள்போல் அளந்துதான் பேசுவாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், நெற்றியைத் தொட்டாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மேடம், இது நடிப்பு இல்ல. கொதிக்குது.”

தெர்மாமீட்டரும் அதையேதான் சொன்னது. ரெண்டு மூணு நாளாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதாம். சொன்னால் அக்கா வகுப்புக்கு அனுப்ப மாட்டாள், நான் திண்டாடிப் போவேன் என்று அவளிடம்கூட மூச்சு விடவில்லையாம்.

தந்தி கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். “காட்டுக் கதைய விடுங்க. நிஜமா எங்கயாவது போனீங்களா?”

“நான் எங்கம்மா போறேன்? பொண்ணுக்குப் பிரசவம்னு அவ வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வந்தேன், அவ்வளவுதான்.”

அந்த வீடு கடல் தாண்டி இருக்கிறது, மலேரியா இன்னும் அடங்காத நாட்டில். விமான நிலையத்துக்குக் கார் ஓட்டிப் போனதே நான்தான். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற அத்தனை பேருக்கும் முன்கூட்டியே மாத்திரை எழுதித் தருகிற எனக்கு, மகள் வீட்டுக்குப் போவதும் பயணம்தான் என்று உறைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

பாடத்தை அப்படியே போட்டுவிட்டு அவரைக் கீழ்த்தளத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஆளையே கொண்டுபோயிருக்கும் வகை. உடனே ஊசி மருந்து ஏற்றினார்கள்.

“பயப்படாதீங்க, நேரத்துல பிடிச்சுட்டோம்,” என்றேன். எனக்கே சொல்லிக்கொண்டதுதான் அது.

அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். “கொசுதானே இதைக் கொடுக்குது?”

“ஆமா.”

“காத்து வரட்டும்னு நான்தான் ராத்திரியெல்லாம் ஜன்னலத் திறந்து வெப்பேன். பேரக்குட்டிய என் பக்கத்துலதான் படுக்க வெச்சிருந்தேன்.”

நான் போனை எடுத்து அக்கா மகளை அழைத்தேன். அவள் பேசுவதற்கு முன்பே குழந்தை வீறிடும் சத்தம் கேட்டது.

“பாப்பாவுக்கு உடம்பு சுடுதா?” என்று கேட்டேன்.

“நேத்துல இருந்து. உங்களுக்கு எப்படித் தெரியும் சித்தி?”