கிரீடம் என்று சொல்லாதவன்

நார்வே எல்லையோர மலையில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்த கூட்டத்தில் தூர்கில்ஸ் உளியைப் பிடிப்பான், ஆல்கோத் சம்மட்டியால் அடிப்பான். முன்னவன் நார்வேக்காரன், பின்னவன் ஸ்வீடன்காரன். அப்போது இரண்டு நாட்டுக்கும் ஸ்வீடன் ராஜாதான் ராஜா. இரண்டு வருஷத்தில் ஓர் அடிகூடத் தவறி விழுந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், பழைய தாலருக்குப் பதில் முதல்முறையாகப் புது நாணயத்தில் கூலி கொடுத்தார்கள். சாப்பாட்டுக் கொட்டகையில் ஆல்கோத் ஒரு நாணயத்தை மேசைமேல் சுழற்றிவிட்டான்.

"இதுக்குப் பேரு குரோனா. அப்படின்னா கிரீடம். யாரு கிரீடம்? ஸ்டாக்ஹோம்ல இருக்கற எங்க ராஜாவோடது. இனிமே நீங்க ரொட்டி வாங்கணும்னாகூட அதைச் சொல்லித்தான் வாங்கணும்."

ஸ்வீடன்காரர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஸ்வீடனோடு நடந்த சண்டையில் தூர்கில்ஸின் அப்பாவுக்கு ஒரு கால் போயிருந்தது. அவன் எழுந்தான்.

"தாலர்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு? வெள்ளி தோண்டின பள்ளத்தாக்கோட பேரு. நம்மள மாதிரி பாறைக்குள்ள கெடந்து செத்தவனோட ஊரு அது. அந்தப் பேரை எடுத்துட்டு, தலையில மாட்டிக்கிட்டவன் பேரை வைக்கறான். நீ அதுக்கு வாலாட்டுற."

"ஒரே ஒரு தடவை சொல்லு. குரோனா."

"உங்க ஆத்தாகிட்டப் போய்ச் சொல்லுடா."

ஆல்கோத்தின் குத்தில் தூர்கில்ஸின் மூக்கு நொறுங்கியது. பதிலுக்கு அவன் பெஞ்சைத் தூக்கி ஆல்கோத்தின் விலாவில் இறக்கினான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். ஆல்கோத் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, நாணயத்தை அவன் வாய்க்குள் திணித்தான். "சொல்லுடா!"

தூர்கில்ஸ் பற்களை இறுக்கினான். எலும்பு நெரிபட்டது. ஆல்கோத் அலறிய அலறலில் கொட்டகை அடங்கிப்போனது. சமையல்காரி ரக்னஃப்ரித் கொதிக்கும் பட்டாணிக் கஞ்சியை இருவர்மீதும் கொட்டிய பிறகுதான் பிரிந்தார்கள். தூர்கில்ஸ் துப்பியபோது நாணயத்தோடு ஒரு விரல் நுனியும் விழுந்தது.

ஆல்கோத்தின் கை வீங்கியது, பிறகு கறுத்தது. வைத்தியர் மணிக்கட்டோடு வெட்டியும் காய்ச்சல் இறங்கவில்லை. எட்டாம் நாள் ஆல்கோத் தூர்கில்ஸை வரச்சொன்னான்.

"சொல்லிட்டியா அந்தப் பேரை?"

"இல்ல."

"பிடிவாதம் புடிச்ச பன்னி." ஆல்கோத் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. "எங்க அக்காவுக்குச் சம்மட்டி வழுக்கிருச்சுன்னு எழுதச் சொல்லு. கடிச்சான்னு எழுதினா அவமானம்."

"வலிக்குதாடா?" என்றான் தூர்கில்ஸ். ஆல்கோத் போர்வையை இழுத்து வெட்டுப்பட்ட கையை மூடிக்கொண்டான். மறுநாள் காலையில் இறந்துபோனான்.

நிலம் உறைந்து கிடந்ததால் புதைகுழிக்கும் வெடி வைக்கவேண்டியிருந்தது. வெடிக்குத் துளை போடத் தூர்கில்ஸ் உளியைப் பிடித்தான். அடித்த புதியவன் இரண்டு முறை தவறி அவன் விரல்களை நசுக்கினான். தூர்கில்ஸ் கையை எடுக்கவில்லை. பெட்டியை இறக்கி மண்ணை மூடிய பிறகு, யாரும் கூப்பிடாமலே, காவல் அதிகாரியின் வீட்டை நோக்கிப் பனியில் நடக்கத் தொடங்கினான்.