ஒன்பதாவது விதி

காலையில எட்டே முக்காலுக்கு மலையடிவாரத்துல ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டப்போ, என்னை மாதிரி கெட்டிக்காரன் உலகத்துலயே இல்லைன்னு நினைப்பு எனக்கு. பந்தயத்தையும் விடப்போறதில்லை, பொண்ணு கல்யாணத்தையும் விடப்போறதில்லை. கார் சீட்டுக்குப் பின்னால இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட். எல்லாம் தயார்.

விஷயம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கிற முப்பது பேர் சேர்ந்து நடத்துற கிளப் எங்களோடது. வருஷத்துல ஒரு சனிக்கிழமை மலைரோட்டை அடைச்சுட்டு ஒவ்வொரு காரா மேலே விரட்டுவோம். மூணு கிலோமீட்டர், பதினொரு வளைவு. யாருக்கு நேரம் குறைச்சலோ அவருக்குக் கோப்பை. "இதுக்குப் போய் வருஷம் பூரா காருக்கடியில மல்லாந்து கிடக்கிறீங்களே"ன்னு என் சம்சாரம் கேப்பா. கேக்கட்டும்.

பதினாலு வருஷமா நான்தான் செயலாளர். முதுகுக்குப் பின்னால என்னை 'ரூல்தடி'ன்னு கூப்பிடுறாங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் விட்டுவெச்சிருக்கேன். ஒருமுறை, மேலே போன ஒருத்தன் அவசரமா இறங்கி வர, கீழேயிருந்து இன்னொருத்தன் ஏற, ஆறாவது வளைவுல ரெண்டு காரும் நேருக்கு நேர். மெக்கானிக் ஒருத்தருக்கு இடுப்பெலும்பு போச்சு. அன்னிக்கு எழுதினேன் ஒன்பதாவது விதியை. மேலே போன யாரும், கடைசிக் கார் மேலே வந்து சேர்ற வரைக்கும் இறங்கக் கூடாது, காரிலயும் சரி, நடந்தும் சரி, எந்தக் காரணத்துக்காகவும். 'எந்தக் காரணத்துக்காகவும்' கீழே கோடு போட்டதும் நான்தான். போதாக்குறைக்கு, மேலே போனதும் கார்ச் சாவியை ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டுடணும்னு ஏற்பாடும் பண்ணினேன்.

என் பொண்ணும் லேசுப்பட்டவ இல்ல. பந்தயம் என்னிக்குன்னு அவளுக்குத் தெரியாதா? "இந்த சனிக்கிழமையை விட்டா பதிவு ஆபீஸ்ல ரெண்டு மாசத்துக்கு நாள் இல்லப்பா"ன்னா. என்னைச் சோதிக்கத்தான் செய்யறான்னு முடிவு கட்டி, மூணு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். நேத்து சாப்பாட்டு மேஜையில அவளே வாயைத் திறந்தா.

"சாட்சிக் கையெழுத்துக்கு என் பக்கத்துலேர்ந்து ஒரு ஆள் வேணும். அந்த இடத்தை உங்களுக்காக வெச்சிருக்கேன். பன்னெண்டரைக்கு ஆபீஸை மூடிடுவாங்க. நீங்க வரலைன்னா அம்மா போடட்டும். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்குன்னுச்சு. கோவிச்சுக்கிட்டாக்கூடத் தேவலை. கோவிச்சுக்க மாட்டேன்னா என்னைக் கைகழுவிட்டான்னு அர்த்தம்.

ராத்திரி கணக்குப் போட்டேன். முப்பது கார், காருக்கு மூணு நிமிஷம். ஒன்பதுக்கு ஆரம்பிச்சா பத்தரைக்கு எல்லாரும் மேலே. பதினொண்ணுக்கு நான் கீழே. ஒண்ணாம் நம்பரை எனக்கே எழுதிக்கிட்டேன். மேலே முதல்ல போறவன்தான் மேலே ரொம்ப நேரம் காத்துக் கிடக்கணும்னு, விதியை எழுதினவனுக்கே அப்போ உறைக்கல.

என் ஓட்டம் பிரமாதம். என் பழைய நேரத்தைவிட ரெண்டு வினாடி குறைச்சல். மேலே போய்ச் சேர்ந்து காரை நிறுத்தினேன். ரோடு அங்கேயே முடிஞ்சிடுது. தண்ணித் தொட்டி, சுத்திக் கம்பிவேலி, ஒரு கக்கூஸ், பத்து பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் அந்த இடம். பிஸ்கட் டப்பாவை நீட்டிக்கிட்டு நின்னார் இந்த வருஷத்து மேல்முனைப் பொறுப்பாளர். எங்க கிளப்போட பல் டாக்டர்.

"நல்ல ஓட்டம் சார்"னார். சாவியைப் போட்டேன். அவர் முகத்தை நான் பாக்கல.

போன வருஷம் இதே இடத்துல அவர் பந்தயக்காரர், நான் பொறுப்பாளர். அன்னிக்குக் காலையில மழை, பத்தரைக்கு மேலதான் ஓட்டமே ஆரம்பிச்சுது. அவருக்கு ஃபோன் வந்துச்சு. கீழே ஆஸ்பத்திரியில அப்பாவுக்கு இழுத்துக்கிட்டிருக்கு, உடனே வான்னு. எங்கிட்ட வந்து கேட்டார். "ரெண்டே ரெண்டு நிமிஷம் ஓட்டத்தை நிறுத்தி வைங்க சார், இறங்கிடறேன்." விதியைச் சொன்னேன். "நடந்தாவது போறேன் சார்." ரோட்டுல ஆள் நடமாட்டமே கூடாதுன்னேன். "டென்ஷன் ஆகாதீங்க டாக்டர், உக்காருங்க, டீ குடிங்க"ன்னு வேற சொன்னேன். அவர் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. காரியத்துக்கு நான் மாலையோட போனேன். யாரும் என்னை ஒண்ணும் கேக்கல. சட்டம் சட்டந்தானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

பதிமூணாவது கார் வரைக்கும் கடிகாரம் மாதிரி போச்சு. அப்புறம் வாக்கிடாக்கி அலறிச்சு. ஏழாவது வளைவுல பச்சைக் கார் ஓரக் கல்லுல மோதி, அடித்தட்டு உடைஞ்சு, ரோடு முழுக்க எண்ணெய். காரும் குறுக்கால நின்னுடுச்சு.

பத்து மணி. பத்தரை. மண்ணைக் கொட்டுறாங்க, கூட்டுறாங்க, மறுபடி கொட்டுறாங்க. நான் தொட்டியைச் சுத்தி நடந்தேன். கம்பிவேலிகிட்ட போவேன், கீழே ஊர் தெரியும். பதிவு ஆபீஸ் இருக்கிற தெருகூடத் தெரியும். கைநீட்டினா தொட்டுடலாம்போல. திரும்பி வருவேன். கூட இருந்தவங்க என் காரோட கார்புரேட்டரைப் பத்திக் கேட்டாங்க. அவங்க மேலே எரிஞ்சு விழுந்தேன்.

பதினொண்ணே காலுக்கு ரோடு சுத்தமாச்சு. இன்னும் பதினாறு கார் பாக்கி. காருக்கு மூணு நிமிஷம்னாலும் பன்னெண்டைத் தாண்டிடும். அப்புறம் வரிசையா இறங்கணும், அதுவும் ஊர்வலம் மாதிரி மெதுவா. சம்சாரத்துக்கிட்டேர்ந்து ஃபோன்.

"எங்க இருக்கீங்க?"

"மேலே."

"மேலேன்னா?"

"மாட்டிக்கிட்டேன்டி."

பின்னால யாரோ சிரிக்கிற சத்தம், கதவு சாத்துற சத்தம். அப்புறம் மெதுவா, "அவ வாசலையே பாத்துக்கிட்டிருக்கா. உங்களைத் தேடலைன்னு காட்டிக்கிறதுக்காக அப்பப்போ ஃபோனை எடுத்துப் பாக்கறா"ன்னா. வெச்சுட்டா.

வாக்கிடாக்கியில கீழ்முனைக்காரனைக் கூப்பிட்டேன். "ரெண்டு நிமிஷம் நிறுத்திவை, நான் இறங்கிக்கிறேன்."

"அண்ணே, ஒன்பதாவது விதி"ன்னான். கிண்டல் பண்றானான்னு தெரியல. "நிறுத்தறதா இருந்தா மேல்முனைப் பொறுப்பாளர்தான் சொல்லணும். டாக்டர்கிட்ட கேளுங்க."

யார்கிட்ட வேணும்னாலும் கேப்பேன், அவர்கிட்ட எப்படிக் கேப்பேன்? அவர் பத்தடி தள்ளி உக்காந்து வர்ற கார் நம்பரைக் குறிச்சுக்கிட்டிருந்தார். பிஸ்கட் டப்பா மடியில. இதுக்கு வேலியேறிக் குதிச்சுடலாம்னு தோணிச்சு. இருந்தாலும் போய் நின்னேன்.

"டாக்டர். இன்னிக்கு என் பொண்ணுக்கு..."

"தெரியும் சார். காலையிலேயே உங்க காருக்குள்ள சட்டையைப் பாத்தேன்."

"ரெண்டு நிமிஷம் நிறுத்தினாப் போதும்."

அவர் பேனாவை மூடி வெச்சார். அவர் குரல்ல கோவமே இல்லை. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

"நிறுத்த மாட்டேன் சார். ஒரு வருஷமா நான் என்ன சொல்லிச் சமாதானப்படுத்திக்கிட்டிருக்கேன் தெரியுமா? அது விதி, அந்த இடத்துல யார் இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்கன்னு. இப்போ உங்களுக்காக நிறுத்தினேன்னா, அன்னிக்கும் நிறுத்தியிருக்கலாம்னு ஆயிடும். அப்புறம் நான் உங்களை வெறுக்கணும். எனக்கு அது வேண்டாம்."

தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். பதினஞ்சாவது கார் உறுமிக்கிட்டு வந்து நின்னுச்சு. அவர் எழுந்து போய்ச் சாவியை வாங்கி டப்பாவுல போட்டு, நம்பரைக் குறிச்சுட்டு, என் முழங்கையைப் பிடிச்சுத் தொட்டிக்குப் பின்னால கூட்டிக்கிட்டுப் போனார். வேலியில ஒரு ஆள் நுழையற அளவுக்கு ஓட்டை.

"குழாய் போட்டவங்க நடந்த பாதை. ரோட்டைத் தொடவே தொடாது. நேரா பெட்ரோல் பங்குக்குப் பின்னால கொண்டுபோய் விட்டுடும். அங்க டாக்ஸி கிடைக்கும்."

"இது உங்களுக்கு எப்படி..."

"காரியம் முடிஞ்ச மறுவாரம் வந்து தேடினேன். வேற வழியே இல்லைன்னு உறுதி பண்ணிக்கலாம்னுதான் வந்தேன். இருந்துச்சு." வாட்சைத் தொட்டுக் காட்டினார். "மெதுவா நடந்தா நாப்பது நிமிஷம். அப்பா பன்னெண்டே கால் வரைக்கும் இருந்தார் சார். நான் உங்ககிட்ட வந்து கேட்டது பதினொண்ணு பத்துக்கு. போங்க, நேரமாகுது."

மன்னிப்புக் கேக்கணும்னு வாயைத் திறந்தேன். அவர் திரும்பி நடந்துட்டார். அடுத்த கார் சத்தம் கேட்டுடுச்சு.

பந்தய உடுப்போட, முதுகுல ஒண்ணாம் நம்பரோட, அந்த ஓட்டைக்குள்ள நுழைஞ்சேன். சட்டை பேன்ட் காரிலேயே கிடந்துச்சு. கார் ஓட்டுற மெல்லிசு ஷூ, கல்லெல்லாம் பாதத்துல குத்துது. ரெண்டு தடவை உக்காந்தபடியே சறுக்கினேன். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு காரா மேலே போற சத்தம். பதினாறு. பதினேழு. எண்ணிக்கிட்டே இறங்கினேன். கூடவே வாட்சையும் பாத்தேன். பாக்காம இருக்க முடியல.

பங்குக்குப் பின்னால வந்து நின்னப்போ முப்பத்தாறு நிமிஷம். ஐம்பத்தெட்டு வயசு, முட்டிவலிக்காரன் நான். அவர் என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவர். அவங்கப்பா கிடந்த ஆஸ்பத்திரி, பங்குக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கேயே, காத்தடிக்கிற மெஷின்கிட்ட ஒரு நிமிஷம் உக்காந்துட்டேன். கால் வலிச்சதுக்காக இல்லை.

பன்னெண்டு இருபதுக்கு ஆபீஸ்ல நுழைஞ்சேன். "சார், இங்க வேஷம் போட்டுக்கிட்டெல்லாம் வரக்கூடாது"ன்னார் குமாஸ்தா. என் பொண்ணு என் முழங்கால் சேத்தைப் பாத்தா, முதுகு நம்பரைப் பாத்தா.

"கார் எங்கப்பா?"

"மேலே."

"காரை விட்டுட்டா வந்தீங்க?"

தலையை ஆட்டினேன். அவ பேனாவை என் கையில வெச்சா. கையெழுத்துக்குப் பக்கத்துல நேரம்னு ஒரு கட்டம். பன்னெண்டு இருபத்திரண்டுன்னு எழுத ஆரம்பிச்சேன். எழுத முடியல. பொலபொலன்னு கொட்டுது.

"அழாதீங்கப்பா. நான் என்ன கடல் தாண்டியா போறேன்? நாலு தெரு தள்ளித்தானே இருக்கப்போறேன்." என் தோளைக் கட்டிக்கிட்டு அவளும் அழுதா. குமாஸ்தாகூடக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அவளுக்காகத்தான் அழறேன்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும் இல்லைன்னு சொல்லல.