ஏழு டயர் ரோலர்

பதினாறு வருஷமாக நான் டயர் ரோலர் ஓட்டுகிறேன். முன்னால் மூன்று டயர், பின்னால் நான்கு. புதுத் தார் ரோட்டை அழுத்துவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. என் மச்சினன் ஓட்டுவது இரும்பு ரோலர். அவனை "இஸ்திரிக்காரா" என்றுதான் கூப்பிடுவேன்.

அப்படிப்பட்ட என்னைப் போய் இஞ்சினியர் அம்மா ஓரங்கட்டினார்.

"இன்னிக்கு வர்ற தார்ல பழைய டயர் தூள் கலந்திருக்கு. இரும்பு ரோலர் மட்டும்தான் போகணும். உங்க வண்டி ஏறினா டயர்ல ஒட்டிக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோட்டிலும் டயர், வண்டியிலும் டயர். சொந்தக்காரர்கள் அப்படியா ஒட்டிக்கொள்வார்கள்? எங்கள் குடும்பத்தில் அந்த அதிசயம் நடந்ததே இல்லை. ஆனால், இனி எல்லா ரோட்டுக்கும் இந்தக் கலவைதான் என்றார்கள். அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை?

அந்த அம்மா லாரியில் தாரின் சூடு பார்க்கப் போன நேரம், வண்டியைக் கிளப்பி ஏற்றிவிட்டேன். பத்தடிகூடப் போகவில்லை. போர்வையை உருவினாற்போல ரோடு கிளம்பி ஏழு டயரிலும் சுற்றிக்கொண்டது.

மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், ரோட்ட சுருட்டி வீட்டுக்கா எடுத்துட்டுப் போறீங்க?"

இஞ்சினியர் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இறங்குங்க" என்றார், அவ்வளவுதான். ஏற்கெனவே தேய்ந்த டயர்கள், ஒட்டிய தாரைச் சுரண்டியதில் கந்தலாகிவிட்டன. தூளாக்குவதற்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு சோப்புத் தண்ணீர் வாளி. இரும்பு உருளையில் தார் ஒட்டாமலிருக்கப் பக்கத்திலேயே நடந்து தெளிக்க வேண்டும். தினமும் மச்சினன் வண்டியைக் குளிப்பாட்டினேன். மானம் போனது.

"என்னங்க, கையெல்லாம் சோப்பு வாசனை? கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்ளோ சுத்தமா இல்லையே நீங்க" என்றாள் மனைவி. அக்காவும் தம்பியும் ஒரே அச்சு.

மூன்றாம் வாரம் புதுக் கலவை வந்து இறங்கியது. மச்சினன் ரோலரை நிறுத்திவிட்டுக் கீழே குதித்தான்.

"ஏறுங்க மச்சான்."

"கிண்டலாடா?"

"அடுத்த வாரம் இன்னொரு இரும்பு ரோலர் வருது. ஆள் வேணும்னாங்க, உங்க பேரச் சொன்னேன். இன்னிக்கு ஓட்டிக் காட்டணுமாம்." தலையைச் சொறிந்தான். "அதோட, இந்த லோடுல உங்க டயரும் அரைபட்டு வந்திருக்கு. அதும் மேல நான் ஏத்தினா நல்லாவா இருக்கும்?"

பாவி, அழ வைத்துவிட்டான். இஞ்சினியர் அம்மா பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் மூக்கைச் சிந்தினேன். ஏறி உட்கார்ந்து, "தண்ணிய ஒழுங்கா ஊத்துடா இஸ்திரிக்காரா" என்றேன்.

"இப்ப யாரு இஸ்திரிக்காரன்?" என்று கேட்டபடி அவன் வாளியைத் தூக்கினான்.

ரோடு முடியும்வரை கூடவே நடந்து வந்தான்.