சீப்பும் குழப்பியும்

சிப் வடிவமைப்பதும் ஒருவகை எழுத்து வேலைதான். எந்தக் கம்பியில் எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதை ஆயிரக்கணக்கான வரிகளாக எழுதுவோம். அந்த வரிகளுக்கு எங்கள் அலுவலகத்தில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, இடைவெளிகளைச் சீராக்கி, குறிகளையெல்லாம் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும். அதற்குச் சீப்பு என்று பெயர் வைத்திருந்தோம். இன்னொன்று, வாடிக்கையாளர் நம் சரக்கைக் காப்பியடித்துவிடாதபடி பெயர்களை அ1, அ2 என்று மாற்றி, விளக்கக் குறிப்புகளையும் பிடுங்கிவிடும். அது குழப்பி.

சீப்பை எழுதியவர் அக்கா. எங்கள் குழுவில் மூத்தவர். ஒரு காற்புள்ளி தள்ளியிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது என்பதால் முதுகுக்குப் பின்னால் காற்புள்ளி என்போம். அது அவருக்கும் தெரியும். குழப்பி என் பொறுப்பு. எந்தப் பெயர் எதுவாக மாறியது என்ற பட்டியல் என்னிடம் மட்டும்தான் இருக்கும்.

அச்சு இயந்திரம் செய்பவர் ஒருவருக்குச் சிப் வரிகளைக் குழப்பியில் போட்டுக் கொடுத்திருந்தோம். மூன்றாவது வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அச்சில் நூறு பக்கத்துக்கு ஒரு வரி காணாமல் போகிறதாம். அ417 மேல் சந்தேகமாம். பட்டியலைப் பார்த்தேன். எட்டே இடமுள்ள ஒரு வரிசைக்கு அது வாசல்காவல். உள்ளே எட்டுக்குக் குறைவாக இருந்தால்தான் அடுத்ததை விட வேண்டும். எட்டு இருந்தாலும் விடு என்று எழுதியிருந்தது. ‘குறைவு’ குறியோடு ஒரேயொரு சமக்குறி கூடுதல். ஒன்பதாவதாக வருவது முதலாவதை மிதித்து அழித்துவிடும்.

நான் எழுதிய வரி அது. பசியோடும் அவசரத்தோடும் அதை எழுதிய மதியம்கூட நினைவிருக்கிறது.

மேலாளர், எங்கள் கோப்புகளெல்லாம் இருக்கும் சேமிப்பகத்தைக் கணினியில் திறந்தார். அதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கடைசியாகத் தொட்டவர் பெயர் இருக்கும். அந்த வரிக்கு நேராக அக்கா பெயர். போன வருடம் புதுச் சேமிப்பகத்துக்கு மாறியபோது எல்லாக் கோப்புகளையும் அவர்தான் சீப்பால் வாரி ஏற்றினார். பழையதை மூடியாயிற்று; அதற்கு முன்னால் யார் எழுதியது என்று பார்க்க வழியில்லை.

“கோப்பு உன்னுதுதானே? நீயா இப்படி எழுதினே?” என்று மேலாளர் என்னைக் கேட்டார்.

“குறைவுன்னு மட்டும் எழுதின மாதிரிதான் சார் ஞாபகம்.”

அவ்வளவுதான் சொன்னேன். எல்லார் தலையும் அக்கா பக்கம் திரும்பியது.

சீப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வேலைக்கு அக்காதான் குழுத்தலைவர் என்று பேச்சு இருந்தது. அந்தப் பேச்சும் நின்றது. சீப்பை ஒளித்துவைத்தால் கல்யாணம் நின்றுவிடுமா என்பார்கள். நின்றுவிட்டது, என் கண்ணெதிரே.

அக்கா இரண்டு வாரம் சீப்பைச் சோதித்தார். சாப்பிடும்போதும் மடியில் கணினி. ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“தம்பி, எழுபதாயிரம் வரி வாரிப் பார்த்துட்டேன். ஒரு இடத்துலகூட அதுவா சமக்குறி போடல.”

“வாரறதுக்கு முந்தின பழைய பிரதியெல்லாம் நான் அப்பவே அழிச்சுட்டேன்க்கா” என்றேன்.

அவர் பழைய பிரதியைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானே கூவிய மாதிரி இருந்தது. இத்தனைக்கும் அந்தப் பிரதி என் கணினியிலேயே இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து கைநீட்டித் திறந்திருக்கலாம். காற்புள்ளி நகர்ந்தால் கண்டுபிடிக்கிறவர், இதைக் கண்டுபிடிக்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

“அப்ப சரி” என்றார். “உன் வரியை நான்தான் எப்படியோ கெடுத்திருக்கேன். எப்படின்னுதான் புரியல. உன் வேலைக்கும் கெட்ட பேர். மனசுல வெச்சுக்காத தம்பி.”

சொல்லிவிடத்தான் வாய் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் திறந்தேன்.

“பரவால்லக்கா. யாருக்கும் நடக்கறதுதானே” என்று வந்தது.

அக்கா என் தோளைத் தட்டினார். “நல்ல மனசுடா உனக்கு” என்றார்.