ஐந்து காரட் புஷ்பராகம்

பள்ளிக்கூடத்தில் மரகதத்தின் வேலைக்கு லேப் அசிஸ்டென்ட் என்று பெயர். அவளுடைய அண்ணன் பழனிசாமி மட்டும் அதை 'பாட்டில் கழுவுற உத்தியோகம்' என்பார். போர்ட் பிளேரில் மரம் ஏற்றி இறக்கும் கான்ட்ராக்ட் எடுத்து வசதியானவர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும்.

எழுபத்து நான்காம் வருஷம், அதே ஊரில் ஜங்லிகாட் பகுதியில் நகைக்கடை வைத்திருந்த ஜம்புலிங்கத்திடம் பழனிசாமி மோதிரத்துக்கு ஒரு கனக புஷ்பராகம் பார்த்து வைத்தார். வாங்குவதற்கு முன்னால் தங்கையிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. ஒரு சனிக்கிழமை அவளைக் கடைக்குக் கூட்டிப் போனார்.

ஜம்புலிங்கம் கல்லை எடுப்பதற்கு முன்பே ஒரு காகிதத்தை விரித்தார்.

"மெயின்லேண்ட் லேப் சர்டிபிகேட். சீல், நம்பர், கையெழுத்து எல்லாம் பக்கா. போன கப்பல்லதான் வந்துச்சு."

பழனிசாமி சீலைத் தடவிப் பார்த்தார். மரகதம் காகிதத்தை வரி வரியாகப் படித்தாள். எடை ஐந்து காரட். அடர்த்தி நான்கு.

"அண்ணே, இந்த ரெண்டையும் எங்க லேப்லயே பாத்துடலாம்."

"அரே, மெட்ராஸ்ல மெஷின் வச்சுப் பாத்ததை நீ பள்ளிக்கூடத்துல பாக்கப் போறியா?"

"காகிதத்துல இருக்கிறது நெசமாவே இருக்கட்டும். அது இந்தக் கல்லைப் பத்தித்தான் சொல்லுதான்னு தெரிய வேண்டாமா?"

பழனிசாமிக்கு முகம் சிவந்தது. ஜம்புலிங்கமோ எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். "வாங்கம்மா போவோம். என் கல்லு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு மரகதம் ஆய்வகத்தைத் திறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் கல்லை வைத்தாள். சரியாக ஒரு கிராம். அதாவது ஐந்து காரட். ஜம்புலிங்கம் பழனிசாமியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அடுத்து, தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி அதில் கல்லைக் கட்டி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்குள் தராசிலிருந்து தொங்கவிட்டாள். எட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு அவள் எடுத்து வைத்துக் கொடுக்கும் சோதனைதான்.

"அடர்த்தி நாலுன்னா தண்ணிக்குள்ள எடை கால் கிராம் கொறையணும். அதுக்கு மேல கொறைஞ்சா அடர்த்தி கம்மின்னு அர்த்தம். அவ்வளவுதான் கணக்கு."

முள் நின்றதும் எடையைப் படித்தாள். கால் கிராமைத் தாண்டிக் குறைந்திருந்தது. கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்குமோ என்று துடைத்து மறுபடி போட்டாள். மூன்று தடவையும் அதே எடை. சுவரில் இருந்த அடர்த்தி அட்டவணையில் விரலை ஓட்டினாள்.

"அடர்த்தி ரெண்டே முக்காலைக்கூடத் தொடலை. இது மஞ்சள் படிகக்கல்லா இருக்கலாம். புஷ்பராகம் இல்லை."

ஜம்புலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவரும் காகிதத்தை நம்பித்தான் வாங்கியிருந்தார். அன்றைக்கே மூவருமாக அந்த லேபுக்குக் கடிதம் எழுதி, சர்டிபிகேட்டின் நகலையும் வைத்து அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கப்பலில் பதில் வந்தது. அந்த நம்பரில் அவர்கள் சோதித்தது மூன்று காரட் மரகதக் கல். இந்தச் சர்டிபிகேட் அவர்கள் கொடுத்ததே இல்லை. தண்ணீர்ச் சோதனையைச் சரியாகச் செய்தவருக்குப் பாராட்டுகள் என்று கடைசியில் ஒரு வரி. பழனிசாமி அந்த வரியை கப்பல் துறையில் பார்த்தவர்களிடமெல்லாம் படித்துக் காட்டினார். "என் தங்கச்சி. லேப்ல இருக்கா," என்றார். அது காதுக்கு எட்டிய அன்று மரகதம் பீக்கர்களை வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கழுவினாள்.

அடுத்த மாதம் ஜம்புலிங்கம் வேறொரு புஷ்பராகத்தைப் பஞ்சில் சுற்றி எடுத்து வந்தார். இந்தத் தடவை தண்ணீர்ச் சோதனையில் அடர்த்தி சரியாக நான்கு வந்தது.

"நீங்களே ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுங்கம்மா. இந்த ஊர்ல அது போதும்."

மரகதம் பேனாவை எடுத்தாள். பிறகு ஒரு தாளில் எடையையும் அடர்த்தியையும் எழுதினாள். அதற்குக் கீழே, 'பூமியில் விளைந்த கல்லா, ஆலையில் செய்த கல்லா என்பது இந்தச் சோதனையில் தெரியாது. அதை நான் பார்க்கவில்லை' என்று எழுதினாள்.

ஜம்புலிங்கம் தலையைச் சொறிந்தார். "அந்த வரி வேணுமாம்மா?"

"அது இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் சிரித்தார். அவள் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டு, மை காயும்வரை தாளைக் கையிலேயே வைத்திருந்தாள்.